பதினோராவது வளைவில் கொதித்த வண்டி

ஆவி பானெட்டின் இரண்டு ஓரங்களிலும் சீறிக்கொண்டு வருகிறது, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறேன், இப்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஏற்காடு மலைப்பாதையின் பதினோராவது வளைவு, போன மாதமும் இங்கேதான், ஆனால் அன்று தனியாக வந்தேன், இன்று பின் சீட்டில் மரகதம் அக்கா, சேலத்தில் ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் தையலோடு மேலே வீட்டுக்குப் போகிறவள், டாக்ஸி வேண்டாம்டா, அப்பா கார்லயே கூட்டிட்டுப் போ என்று கேட்டாள், நானும் மார்தட்டிக்கொண்டேன், எல்லாம் சரி பண்ணிட்டேன்க்கா, இப்ப சூடே ஆகாது என்று.

என்னதான் செய்யவில்லை, ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்தேன், வாட்டர் பம்ப் புதிது, ஆறு இறக்கை ஃபேனுக்காகக் கோயம்புத்தூர் வரை அலைந்தேன், எட்டு மாதமாக மெக்கானிக் அன்வர் பாயின் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்றேன், கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அறுபது வயசு வண்டி சார், மலை ஏத்தாதீங்க என்றார், அவரிடம் கத்தினேன், வேலை தெரியாதவர் என்றுகூடச் சொன்னேன், இப்போது கத்துவதற்கு அக்காதான் இருக்கிறாள், உன்னாலதான், டாக்ஸியில போயிருந்தா இந்நேரம் வீட்ல படுத்திருப்ப, சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறாள், இருபது வயதில் இதே காரை இதே சாலையில் ஓட்டியவள், பக்கத்தில் அப்பா, பின்னால் நான், சித்திரை வெயிலிலும் ஒருநாள் கொதித்ததில்லை, அவள் இப்போது இறங்குகிறாளா, அன்று இறங்கினாளா என்று ஒரு கணம் எனக்குக் குழம்புகிறது, பானெட்டைத் தூக்குடா என்கிறாள், தூக்குகிறேன், ஆவி விலகியதும் தள்ளி நின்றே எட்டிப் பார்க்கிறாள், ஃபேனைச் சுத்தி ஒரு தகரக் கூடு இருக்குமே, எங்கடா?

அந்தக் கூடு கடகடவென்று சத்தம் போட்டது, வண்டி என் கைக்கு வந்த முதல் வாரமே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன், அன்வர் பாய் ஒருமுறை கேட்டார், இந்த வண்டிக்கு அது கிடையாது பாய் என்று சாதித்தேன். தூக்கிப் போட்டுட்டேன்க்கா. அது இல்லன்னா ஃபேன் எப்படிடா ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்கும், பக்கத்துக் காத்தைத்தான் இழுத்துட்டுக் கிடக்கும் என்றவள் சிரிக்கத் தொடங்குகிறாள், தையல் இழுக்கிறது, ஐயோ சிரிக்க வைக்காதடா என்று அதற்கும் சிரிக்கிறாள், எனக்கு அழுகை வருகிறது.

காப்பித் தோட்டத்து ஜீப் ஒன்று அவளை ஏற்றிக்கொண்டு போனது, நான் வண்டி ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மெல்லக் கீழே இறக்கி, நேராகப் பட்டறைக்குப் போனேன், இருந்துச்சு பாய், நான்தான் கழட்டினேன், உங்ககிட்ட பொய் சொன்னேன் என்றேன், அவர் ஒரு தகரத்தை இழுத்துத் தரையில் போட்டு, அளவெடுக்கக் குனிந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார், எட்டு மாசம் சார்.