மேல்வரிசையில் ஒரு பல்

...படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னால் போதும், எந்தப் படி என்று யாரும் கேட்பதில்லை. இவன் வீட்டு வாசலில் இருந்ததே ஒரு படி, அதில் விழுந்து முன்பல் உடைய வேண்டுமென்றால் மனுஷன் வித்தை காட்டிக்கொண்டே இறங்கியிருக்க வேண்டும், ஆனாலும் டாக்டர் கேட்கவில்லை, பார்த்து நடக்கக் கூடாதா என்பதோடு விட்டுவிட்டார், தெரிந்தே விட்டாரோ என்னவோ... இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறான், எதிர் நாற்காலியில் டிரைவர் அண்ணன் பேசிக்கொண்டிருக்கிறார், கேட்க வேண்டும், மற்றவர் பேசும்போது காது கொடுக்க வேண்டும் என்பது இந்த அறையின் விதி. பேர் சொல்ல வேண்டாம் என்பது இன்னொரு விதி. அதனால் பஸ் ஓட்டுகிறவர் டிரைவர் அண்ணன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர் பேங்க் சார், இவன் பல் டாக்டரின் பின்னறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்கிறவன் என்பதால் பல்செட்டு. இப்படி வட்டமாக உட்கார வைத்தவர் முன்பு நர்ஸாக இருந்த அம்மாள், எல்லோருக்கும் சிஸ்டர். பிளாஸ்டிக் நாற்காலி முதுகை அறுக்கிறது. சனிக்கிழமை சாயங்காலத்தில் இப்படி ஏழெட்டு ஆம்பிளைகள் ஓர் அறையில் கூடினால் வெளியே போகிறவர்கள் சீட்டாட்டம் என்றுதான் நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும், அது எவ்வளவோ கௌரவம்.

சட்டைப்பையில் போன் கனக்கிறது. மத்தியானம் மனைவியிடமிருந்து வந்த செய்தி. நாளைக்கு வந்துடு, நான் எதுவும் கேக்க மாட்டேன், பழசை விடு. அவ்வளவுதான், மூன்று துண்டு, ஆனால் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டான். போவதா, வேண்டாமா, இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் இவன் தங்கியிருக்கிற அக்கா வீட்டுக்கு அவளே வந்து நிற்பாள், சிரித்த முகமாக, பழம் வாங்கிக்கொண்டு... அக்கா ஹாலில் பாயை விரித்துப் போட்டுவிட்டு விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள், அதுதான் தாங்கமுடியாதது. அத்தானோ வாயைத் திறந்தால் மூடுவதில்லை. ஏன் மாப்ள, அவ உன் தோள் உசரம்கூட இல்லையே, ஊதினா பறந்துடுவா, நீ போய் அவகிட்ட... என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி சிரிப்பார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குப் புரியவில்லை. இவனுக்கே புரிந்ததா? உயரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எப்படி விளக்குவது, சாவியை மேஜையில் அவள் வைக்கிற ஓசையிலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும், மெல்ல வைத்தால் ஒரு மாதிரி, வீசினால் ஒரு மாதிரி, ஓசையே வராவிட்டால்தான் ரொம்ப மோசம் என்பதை அத்தானிடம் சொல்ல முடியுமா. திருப்பி ஒரு தடவை கையை ஓங்கியிருந்தால் சரியாகியிருக்கும் என்கிறார். ஓங்கத் தோன்றியதில்லை. இந்தக் கை பல் செய்ய மயிரிழை கனத்துக்கு மெழுகு சுரண்டிப் பழகிய கை... இல்லை, அதுவும் பொய், பயம், அவ்வளவுதான்.

அவள் அழவும் செய்வாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. டம்ளர் வந்து வாயில் விழுந்த அன்றைக்கு அவளே ஐஸ் எடுத்து வந்து உதட்டில் ஒற்றினாள், நீ ஏன் என்னை இப்படிப் பண்ண வைக்கிற என்று மடியில் தலையைப் போட்டு அழுதாள், இவன்தான் தலையைத் தடவிக்கொடுத்தான், வாயில் ரத்தத்தோடு, பரவாயில்லை பரவாயில்லை என்று. மறுநாள் பின்னறையில் எல்லோரும் போன பிறகு தன் வாய்க்குத் தானே அச்செடுத்துக்கொண்டான். தனக்கே பல் செய்துகொள்வது விசித்திரமான வேலை, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நிறம் சேர்த்தான், பக்கத்துப் பல்லில் இருந்த லேசான மஞ்சளையும் ஓரத்துத் தேய்மானத்தையும் கூட விடவில்லை. டாக்டர் ஒட்டிவிட்டு, இதுவரை நீ செஞ்சதிலேயே இதுதாண்டா நல்லா வந்திருக்கு என்றார். நல்லாத்தான் வந்தது. வீட்டுக்குப் போனதும் அவள் இவன் முகவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, பாரு, ஒண்ணுமே ஆகல என்றாள். நிம்மதியாகச் சொன்னாள். அப்போதுதான் உறைத்தது, இருந்த ஒரே சாட்சியைத் தானே உட்கார்ந்து சீராக மூடிவிட்டோம் என்று... உறைத்து என்ன, அதற்கப்புறமும் எத்தனை காலம் அங்கேயே இருந்தான்.

அந்த நேரத்தில்தான் டிரைவர் அண்ணனின் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. சாரி என்று ஒரு குரல் கேட்டது. ஒரு குரலா? இல்லை, எல்லோரும். சாரி, மன்னிச்சிடுங்க, நான்தான், தெரியாம பட்டுடுச்சு, ஒரே மூச்சில் ஏழெட்டு வாய்கள், கதவோரத்தில் உட்கார்ந்திருந்த பேங்க் சார் உட்பட, அவருக்கும் கிளாஸுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகலாம். இவன் அதற்குள் நாற்காலியை விட்டு இறங்கி மண்டிபோட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான், நான் துடைச்சிடறேன், நான் துடைச்சிடறேன் என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்கிறது, கழுத்து தோளுக்குள் போய்விட்டது. அடுத்து என்ன வரும் என்று உடம்பு காத்திருக்கிறது. ஒன்றும் வரவில்லை. மின்விசிறி ஓடுகிறது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யோவ், கீழ போட்டது நானு. நீங்கல்லாம் எதுக்குய்யா மன்னிப்பு கேக்குறீங்க?” என்றார் டிரைவர் அண்ணன். அப்புறம் சிஸ்டரைப் பார்த்து, “பாருங்க சிஸ்டர், தப்புலகூட பங்குக்கு வர்றாங்க.”

முதலில் சிரித்தது பேங்க் சார்தான். இங்கே எல்லோரும் வீட்டில் யாரிடமாவது அடி வாங்குகிறவர்கள்தான், அவர் மகனிடம், வந்த நாளிலிருந்து பல்லைக் காட்டியதில்லை, அவர் சிரிக்கவும் அறையே சிரித்தது, சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு நிற்கவே இல்லை, பேங்க் சார் மட்டும் நடுவில் எங்கேயோ அழுகைக்கு மாறிவிட்டார், பக்கத்திலிருந்தவர் அவர் முழங்காலில் கையை வைத்தார், அவ்வளவுதான், வேறு யாரும் ஒன்றும் செய்யவில்லை. இவன் இன்னும் தரையில்தான் இருந்தான். எழுந்திருக்க அலுப்பாக இருந்தது, தரையிலிருந்து பேசுவது சுலபமாகவும் இருந்தது.

“இது நான் செஞ்சது,” என்று மேல்வரிசைப் பல்லை நகத்தால் தட்டிக் காட்டினான்.

“எது?” டிரைவர் அண்ணன் குனிந்து உற்றுப் பார்த்தார். “எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு. ஒண்ணும் தெரியலையே தம்பி.”

“தெரியக் கூடாதுன்னுதான் செஞ்சேன். வீட்டுக்காரி டம்ளரால அடிச்சா. கீழ விழுந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

சொல்லிவிட்டான். குரல் யாருடையதோ போல இருந்தது. அடடா என்று யாரும் சொல்லவில்லை, அவளைத் திட்டவும் இல்லை, அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னான், திட்டியிருந்தால் அவளுக்காகப் பேசியிருப்பான், நிச்சயம் பேசியிருப்பான். டிரைவர் அண்ணன் மட்டும், “மேல உக்காரு, கண்ணாடி குத்தும்,” என்றார்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது போனை எடுத்தான். நாளைக்கு வரல என்று தட்டினான். உடனே விரல் அடுத்த சொல்லுக்கு ஓடிவிட்டது, ஏன்னா... ஏன்னா என்ன? வேலை அதிகம், காய்ச்சல், அக்காவுக்கு முடியவில்லை, எத்தனை காரணம் தயாராக வைத்திருப்பவன், ஒன்றுகூட வரவில்லை. மத்தியானத்திலிருந்து யோசித்ததெல்லாம் எந்தப் பதிலுக்கு அவள் கோபப்பட மாட்டாள் என்பதைத்தானே, தனக்குப் போக வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டானா? இப்போது கேட்டுப் பார்த்தான். அவள் சிரிப்பு ஞாபகம் வந்தது, கல்யாணமான புதிதில் தலையைத் துவட்டிக்கொண்டே எதற்கோ சிரித்தது. அவளைப் பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. ஏன்னாவை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். நாளைக்கு வரல. மொட்டையாக, மரியாதை இல்லாத மாதிரி நின்றது. அனுப்பிவிட்டான். பிறகு அந்தப் பயம் வந்தது, வழக்கமான அதே பயம்தான், ஒரு பிசிறும் குறையவில்லை, ஆனால் அனுப்பிய பிறகு வந்தது. இவ்வளவு காலமும் அது இவனுக்கு முன்னால்தான் போகும். இன்றைக்கு ஏன் பின்தங்கியது, இனிமேலும் இப்படித்தானா, இல்லை இன்று மட்டும் அதற்கும் அலுத்துவிட்டதா... தெரியவில்லை. அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினான்.