பீப்பாய்கள் வாங்கிக்கொண்ட வயது

ஜின் காய்ச்சுகிறவரின் மனைவிக்கு முப்பத்துமூன்றாவது வயதில் வயதாவது நின்றுபோனது. அவளுக்கு ஏற வேண்டிய வயது, அவள் படுத்திருந்த கிடங்கின் ஆறு பீப்பாய்களுக்கு ஏறியது. தெருவில் இதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள். பிறகு குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பீப்பாய்கள் வந்ததே ஒரு வீம்பில்தான். ஜின் என்பது காய்ச்சிய கையோடு புட்டியில் அடைத்து விற்றுவிடுகிற சரக்கு. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், ஜுனிபர் காயின் வாசம் மூக்கில் ஏற வேண்டும், அவ்வளவுதான். பெரிய கம்பெனிக்காரர்கள் அதையே நீலப் புட்டிகளில் போட்டு இறக்கிய பிறகு இவருடைய ஜின்னைச் சீண்ட ஆளில்லை. ஒயின் வியாபாரி ஒருவர் கடையை இழுத்து மூடும்போது விறகுக்குப் போடுவதற்காக வாசலில் உருட்டி வைத்திருந்த ஓக் பீப்பாய்களைப் பார்த்தவுடன் இவருக்குப் பொறி தட்டியது. விஸ்கியை மட்டும்தான் மரத்தில் ஊறப்போட வேண்டும் என்று யார் சொன்னது? வண்டி வைத்து ஆறையும் கொண்டுவந்தார். பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "ஜின்னுக்கு எதுக்குங்க தொட்டில்?" என்று கேட்டுவிட்டு அவர் ஜோக்குக்கு அவரே சிரித்துக்கொண்டார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் சரக்கை ருசி பார்க்கும் நாக்கு அவளுடையதுதான். காய் கொஞ்சம் கூடுதலாக வெந்திருந்தால், கூடப் போடுகிற ஆரஞ்சுத் தோலில் வெள்ளைச் சதை ஒட்டியிருந்தால், ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தே சொல்லிவிடுவாள். "ஊறட்டுங்க. காரம் அடங்கும், கொஞ்சம் நிதானம் வரும்" என்றாள். பீப்பாய்களை நிரப்பி, தக்கையை மரச்சுத்தியலால் அடித்து இறுக்கி, வீட்டுக்குப் பின்னால் முற்றத்தைத் தாண்டி இருந்த கிடங்கில் அடுக்கினார்கள்.

அடுத்த மாதமே அவளுக்கு இடது விலா எலும்புக்குக் கீழே ஒரு கட்டி என்று தெரிந்தது. டாக்டர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கணவரை வெளியே அழைத்து, அடுத்த மழைக்காலம் வரை தாங்காது என்றார். சமையல் வாசம் அவளுக்குக் குமட்டியது. சோப்பு வாசம், குழந்தையின் தலைமுடி வாசம்கூடக் குமட்டியது. குமட்டாத ஒரே இடம், ஈர மரமும் ஜின்னும் கலந்து மணக்கும் அந்தக் கிடங்குதான். அங்கேயே கட்டிலைப் போடச் சொன்னாள். சாகிறவள் கேட்கிறாளே என்று போட்டுக் கொடுத்தார்கள். ஐந்து வயது மகள் தினமும் வாசற்படியில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரினாள். மழைக்காலம் வந்தது, போனது. அவள் சாகவில்லை. டாக்டர் வந்து விலாவை அழுத்திப் பார்த்தார். கட்டி அதே அளவில் அதே இடத்தில் இருந்தது. வளரவும் இல்லை, கரையவும் இல்லை. அவள் நகமும் வளரவில்லை. அதே சமயம், ஒரு வருஷம்கூட ஆகாத ஜின்னை ருசி பார்க்க எடுத்தபோது அது கறுத்த தேன் நிறத்தில் வந்தது. மனைவி ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "இதுல என் வலி இருக்கு" என்றாள். கணவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. ஒரு நாள் மகள் முற்றத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அலற, இவள் யோசிக்காமல் வாசலைத் தாண்டினாள். நான்கு எட்டு வைப்பதற்குள் ரத்த வாந்தி. கணவர் அள்ளித் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டார். உள்ளே போட்டதும் நின்றது. அன்றிலிருந்து பீப்பாய்களைத் தொடக்கூடாது, விற்கக்கூடாது, அவள் வாசலைத் தாண்டக்கூடாது என்று ஆயிற்று. செம்புக் கொதிகலனில் அவர் அதற்கப்புறம் ஜின் காய்ச்சவில்லை. பேட்டரிகளுக்கு ஊற்றுகிற வடிநீர் காய்ச்சி, கார் ஷெட்டுகளுக்குக் கேன் கேனாகக் கொடுத்துப் பிழைத்தார். அதில் கலப்படம் செய்யவும் ஒன்றுமில்லை, ருசி பார்க்கவும் ஆள் தேவையில்லை.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். சரக்கை வெளியூர்களுக்குக் கொண்டுபோய் விற்று வந்தவன். வாய் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவன். இந்த வயதுக் கதையெல்லாம் அண்ணிக்கு உடம்பு தேறியதை மறைத்து, சரக்கைப் பங்கு போடாமல் இருக்க அண்ணன் கட்டிவிட்டது என்று நினைத்தான். பத்தாவது வருஷமோ பதினோராவது வருஷமோ, அண்ணன் வடிநீர் போடப் போயிருந்த நேரத்தில், இரண்டு ஆட்களோடு வந்து ஒரு பீப்பாயை உருட்டினான்.

"வேண்டாம் தம்பி, அது குடிக்கிற சரக்கு இல்ல" என்றாள் அவள்.

"அண்ணி, இந்த மாதிரி நிறத்துல ஜின்ன எவனும் பார்த்திருக்க மாட்டான். ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு அஞ்சு இருக்குல்ல?"

வாசல்வரை துரத்தினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அவனுக்கும் அது தெரியும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பாரில் அந்தப் பீப்பாய் ஒரே வாரத்தில் தீர்ந்தது. இப்படி ஒரு ஜின்னைக் குடித்ததே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் மரம், அப்புறம் காரம், கடைசியில் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று, அழுதுவிட்டு வந்த மாதிரி. குடித்தவர்களுக்குத் தலைக்கு நாலைந்து நரை கண்டது. விலாவுக்குக் கீழே ஒரு மாதம் குத்தியது, பிறகு சரியாகிவிட்டது. ஆனால் தம்பி, ஒவ்வொரு மேஜையிலும் கூட உட்கார்ந்து, தன் சரக்கின் பெருமையைத் தானே குடித்துக் காட்டியவன். ஒரே இரவில் அவன் மீசை பாதி வெளுத்தது. மறுமாதம் கட்டி தெரிந்தது. அடுத்த மாதம் செத்துப்போனான். டாக்டர் கிடங்குக்கு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "இளம் உடம்பும்மா. நோய்க்கு நல்ல ரோடு கிடைச்ச மாதிரி, ஒரே ஓட்டமா ஓடிடுச்சு. வயசானவங்க உடம்புல இது இவ்வளவு அவசரப்படாது" என்றார். அன்று இரவு அவள் கணவரிடம் தன்னை வெளியே போக விட்டுவிடச் சொன்னாள். தன் சாவை இன்னொருத்தன் செத்துவிட்டானே, இனி எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்டாள்.  மறுநாள் அவர் பீப்பாய்களின் குழாய்களைக் கழற்றி, துளைகளை மரமுளை அடித்து அடைத்தார். பிறகு கிடங்குக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டார்.

வருஷங்கள் போயின. அவருக்கு ஐம்பது ஆனது, அறுபது ஆனது. ஒரே கட்டிலில் படுப்பதை முதலில் விட்டவர் அவர்தான். "உன் பக்கத்துல படுத்தா உங்க அப்பா மாதிரி இருக்கேன்" என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீட்டர் பார்க்க வந்த ஆள் கிடங்கில் இருந்தவளைக் காட்டி, "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கலையா சார்?" என்று கேட்டதற்கு அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு காலையில் கேனைத் தூக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். அவரைக் கிடங்கு வாசலுக்குத் தூக்கி வந்து வைத்தார்கள். அவள் உள்ளேயிருந்தபடி கையை நீட்டி, எட்டிய மட்டும் தொட்டாள். எட்டியது கால் மட்டும்தான்.

மகள் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தாள். அவளுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அம்மாவும் மகளும் ஒரே வயதில் நின்ற அந்த ஒரு வருஷம் இருவரும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் மகள் தாண்டிப் போய்விட்டாள். அவள் புருஷன், மாமியாருக்குச் சாப்பாடு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்து, நாளுக்கு நாள் தாமதமாகத் திரும்பினான். மாமியார் ஒரு நாள் தட்டை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாள். மகள் அவனை வீட்டைவிட்டு அனுப்பினாள். ஆனாலும் அதன் பிறகு வெகுகாலம் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவாள். அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சுருக்கமில்லாத முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. வயதாக ஆக அந்தக் கோபமும் தேய்ந்தது. மூட்டு வலித் தைலத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு வருவாள். முப்பத்துமூன்று வயது அம்மா அறுபது வயது மகளின் முழங்காலைத் தேய்த்துவிடுவாள். பீப்பாய்களை விரலால் தட்டிப் பார்த்தால் நிறைந்த சத்தம் கேட்கிற இடம் வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மரம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போகத்தான் செய்யும். அது தீர்ந்தால் என்ன ஆகும் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் சமையலறையில் ஏதோ பெரிதாக விழுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். பிறகு மகளின் குரல் வந்தது, "அம்மா" என்று. இடுப்பு எலும்பு முறிந்து தரையில் கிடந்தாள். அம்மா வெல்டிங் பட்டறைப் பக்கத்துச் சுவரைத் தட்டினாள், கத்தினாள், பால் குடிக்கும் டம்ளரால் அடித்தாள். அந்தப் பக்கம் பட்டறைக்காரரின் மகன் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. வாசலில் போய் நின்றாள். முற்றத்தில் வெயில் அடித்தது. நான்கு எட்டு என்று அவளுக்குத் தெரியும். சமையலறைக்கு அது போதாது. உள்ளே மகள் கூப்பிடுவது குறைந்து, முனகலாக மாறியது.

வயசானவங்க உடம்பில் இது அவசரப்படாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் கட்டிலின் காலை உருவி ஒரு பீப்பாயின் தக்கைக்கு இரண்டு பக்கமும் மரத்தில் மாற்றி மாற்றி அடித்தாள். தக்கை துள்ளி வெளியே வந்தது. கணவர் சரக்கு இறக்கப் பயன்படுத்திய ரப்பர் குழாய் ஆணியில் காய்ந்து தொங்கியது. அதை உள்ளே விட்டு வாயால் இழுத்தாள். முதல் மிடறு தொண்டையை அறுத்துக்கொண்டு போனது. காயின் வாசம் எங்கோ அடியில் கிடந்தது, மேலே முழுக்க மரம், அதற்கும் மேலே அவள் வாழாத காலம். அடியில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தை டம்ளர் டம்ளராகக் குடித்தாள். அவளுக்குப் போதை ஏறவில்லை, வயதுதான் ஏறியது. மகள் பள்ளிக்கூடம் போன வருஷங்கள் கண்ணோரத்தில் சுருக்கமாக விழுந்தன. கணவர் தனியாகப் படுத்த வருஷங்களில் முடி வெளுத்தது. இரண்டாவது பீப்பாயைத் திறக்கும்போது முதுகு கூனியிருந்தது. மூன்றாவதில் பல் ஒன்று கழன்று டம்ளருக்குள் விழ, அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாள். ஐந்தாவதையும் முடித்தபோது அவளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். காற்றில் போனதும் கொழுந்தன் கொண்டுபோனதும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. விலாவுக்குக் கீழே கட்டி விழித்துக்கொண்டது. ஆனால் அதுவும் கிழடாகியிருந்தது. ஒரு முறை புரண்டு படுத்துவிட்டுச் சும்மா இருந்தது.

நான்கு எட்டு வைத்தாள். ஐந்தாவதும் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள். தரையில் கிடந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வந்த கிழவி யாரென்று அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திட்டினாள்.

"உனக்குப் பைத்தியமா? எதுக்கும்மா குடிச்ச?"

"நீ கூப்பிட்டல்ல, அதான் வந்தேன்" என்றாள் அம்மா. மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இரும்பு அறுக்கும் சத்தம் நின்ற ஒரு நிமிஷத்தில், தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் மகளின் இடுப்பில் ஸ்டீல் தகடு வைத்துத் தைத்தார்கள். அம்மா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ்கள் அவளைப் "பாட்டி, ஓரமா உட்காருங்க" என்று அதட்டினார்கள். அந்த அதட்டலை அவள் தேன் குடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள். பிறகு வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் போல இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள். கஞ்சி வைப்பது யார், ஊன்றுகோலை எடுப்பது யார் என்று சண்டை போட்டார்கள். அம்மா சந்தைக்குப் போனாள். எல்லாக் கடையிலும் நின்று எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் வாங்கவில்லை. கணவரைப் புதைத்த இடத்துக்கு ஒரு முறை போய்த் தலைமாட்டில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். என்ன பேசினாய் என்று மகள் கேட்டதற்கு, "இப்ப பக்கத்துல படுக்கலாம்னு சொன்னேன்" என்றாள்.

கட்டி மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. கடைசி மூன்று வாரமும் வலி மருந்துக்கு அடங்கவில்லை. அவள் பல் இல்லாத வாயால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கிடங்குக்கே தூக்கிக்கொண்டு போகட்டுமா, புதிதாகச் சரக்கு காய்ச்சிப் பீப்பாயை நிரப்பட்டுமா என்று மகள் அழுதுகொண்டே கேட்டாள். அம்மா தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். ஒரு மதியம் மகள் உதட்டை நனைத்துவிடத் துணியை எடுத்துத் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வெல்டிங் பட்டறை அன்று மூடியிருந்தது. கிடங்கைப் பற்றி யாரும் பேச்சை எடுக்கவில்லை. வயதானவர், பாவம், ரொம்பச் சிரமப்பட்டார், போனதும் நல்லதுதான் என்று, எந்த வீட்டுக் கிழவிக்கும் சொல்வதைச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார்கள். அறுபதைத் தாண்டிய மகள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்னை விட்டுப் போகாதே என்று தெருவே கேட்கும்படி அழுதாள். பெட்டியைத் தூக்க வந்தவர்கள் அவள் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.