சொல்ற வரைக்கும்

யாரோ டீ டம்ளரை ஜீப்பின் பானட் மேல் வைத்திருந்தார்கள்.

முன்னறையில் கணவரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது? ஏழு பூச்சு பெயின்ட் அடித்த பானட் அது. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது அவள் கை. எழுந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களின் முழங்கால்களை விலக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் டம்ளரை எடுத்தாள். பக்கக் கண்ணாடியில் தொங்கிய துணியால் அந்த ஈர வட்டத்தைத் துடைத்தாள். மட்கார்டில் சாய்ந்து நின்ற ஒரு ஆளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பெல்ட் கீறும்" என்றாள்.

"பாவம், அதிர்ச்சியில என்ன செய்யறோம்னே தெரியல" என்று நாற்காலி வரிசையில் ஒரு அம்மா முணுமுணுத்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரியாமல் இருந்தது மற்றவர்களுக்குத்தான்.

டிரைவர் பக்கத்து முன்சக்கரம் கழற்றப்பட்டு, அந்த மூலை இரும்பு ஸ்டாண்டின் மேல் நின்றது. பிரேக் டிரம்முக்குப் பின்னால் சின்ன ஸ்பேனர் ஒன்று, நேற்று மாட்டியபடியே தொங்கியது. அங்கிருந்து பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாக சிமென்ட் தரையில் விழுந்துகொண்டிருந்தது. நேற்று சாயங்காலம் தொடங்கிய சொட்டு. அவள் குனிந்தாள்.

"அண்ணி, விடுங்க" என்று பின்னாலிருந்து கொழுந்தனின் குரல். "உள்ள வாங்க. ஜனங்க பாக்கிறாங்க."

"நிப்பிள் திறந்திருக்கு தம்பி. ஒழுகிட்டே இருக்கு. ஒரு திருகு திருகிட்டு வந்துடறேன்."

மகள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கிய முகம், அழுது வீங்கியிருந்தது. "அம்மா, இப்பப் போய் அதையா? விடும்மா."

விடும்மாவாம். காலையிலிருந்து வந்தவர் போனவரெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். விடுங்க, விடும்மா, மனசை விட்டுடாதீங்க, அழுகையை அடக்காம விட்டுடுங்க. சொல்ல வேண்டிய மனுஷன் சொல்லவில்லை. இவர்கள் யார் சொல்வதற்கு?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஜீப் லாரியில் வந்து இறங்கியது. ஜீப் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு சக்கரமும் இழுக்கும், பின்னால் சாமான் ஏற்றத் தொட்டி வைத்த பழைய வண்டி. ஒரு காலத்தில் மலைப்பாதையில் மரம் இழுத்ததாம். வந்தபோது தரைத்தகடு இல்லை, இன்ஜினுக்குள் எலிக்கூடு இருந்தது. தண்ணீர்ப் பம்ப் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே அவர் அதைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். "மாப்பிள்ளை நீங்க இல்ல, இதுதான். வந்து உக்காந்திருக்கு, ஒரு வேலை செய்யாது, நாம சேவகம் பண்ணணும்" என்றாள் அவள். அன்றிலிருந்து வண்டிக்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சேவகம் இரண்டு பேரும்தான் பண்ணினார்கள். தையல்காரி அவள். சீட்டு நான்கும் அவள் தைத்தது. மேல் கூரைத் துணியின் மூன்றடுக்குத் தையலுக்கு அவள் மெஷின் இரண்டு தடவை ஊசி முறித்தது. கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் போடாத சண்டையையெல்லாம் அந்த ஒன்பது வருஷத்தில், டார்ச் லைட்டை எங்கே காட்டுவது என்பதற்காகப் போட்டார்கள். "நான் பாக்கிற இடத்துல காட்டு, நீ பாக்கிற இடத்துல காட்டாத" என்பார் வண்டிக்கு அடியிலிருந்து. உங்கள் மண்டைக்குள் புகுந்தா பார்க்க முடியும் என்று இவளும் கேட்பாள்.

இப்போது பம்ப் நிலையத்துச் சினேகிதர் ஒருவர் கர்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, ஒண்டி ஆளாக நின்று இவ்வளவும் செய்தாரே மனுஷன் என்கிறார். ஒண்டி ஆளாம்! போனவர் காதில் விழுந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து, அப்படிச் சொல்லாதய்யா, ராத்திரி சோறு கிடைக்காது என்றிருப்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டி சரிந்து மேலே விழுந்துவிட்டதாம் என்று நாற்காலிக்கு நாற்காலி ஒரு பேச்சு நகர்ந்துகொண்டிருந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு, ஒரு நொடியில் போயிருக்கும் என்று எழுதிக் கொடுத்த தாள் மேஜையில் கிடக்கிறது. ஸ்டாண்ட் ஒரு நூல் அசையவில்லை. மூன்று தடவை உடம்பால் முட்டி ஆட்டிப் பார்க்காமல் அவர் ஒருநாளும் வண்டிக்கு அடியில் போனதில்லை. கதையைக் கிளப்பியது யார் என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. கொழுந்தன் பள்ளிக்கூட ஆபீஸில் சூப்பிரண்டு. எதையும் ஒரு வரியில் எழுதி பைலை மூட வேண்டும் அவருக்கு. நேற்று போனில் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வரியைத்தான் சொல்லியிருக்கிறார். அண்ணன் வண்டியால் போயிட்டார்.

நேற்று நடந்தது இதுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிரேக்கில் ஏர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் பிரேக் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை வெளியேற்ற வேண்டும், தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துச் சக்கரத்தில் முடிக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை அது. மேலே ஒருவர் பெடலை மிதிக்க, கீழே ஒருவர் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அவர்களுக்குள் மூன்றே வார்த்தைகள்தான். மிதி. பிடி. விடு. பிடி என்றால் காலை அழுத்தி அப்படியே வைத்திருப்பாள். அவர் நிப்பிளைத் திறப்பார், பெடல் தரைவரை இறங்கும், குமிழி வரும், மூடுவார். மூடிய பிறகு விடு என்பார். அவர் சொல்வதற்கு முன்னால் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய், செய்ததெல்லாம் பாழ். போன மாதம் ஒரு தடவை அவர் இருமியதை விடு என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை மனுஷன். மூன்றாம் நாள் பேசியபோதும், "நான் சொல்ற வரைக்கும் விடாத. வானமே இடிஞ்சு விழுந்தாலும் விடாத" என்றுதான் ஆரம்பித்தார்.

நேற்று மூன்று சக்கரம் முடிந்தது. முடிந்த ஒவ்வொரு டிரம்மிலும் சாக்பீஸால் 'சரி' என்று எழுதினார். நாலாவது, அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு நேர் முன்னால். மிதி என்றார், மிதித்தாள். பிடி என்றார், பிடித்தாள். பெடல் தரைவரை இறங்கியது. பக்கத்து வீட்டு ரேடியோவில் அப்போதுதான் செய்தி ஆரம்பித்தது.

செய்தி முழுவதும் முடிந்தது. அதுவரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

குமிழி எண்ணும்போது அவர் பேசமாட்டார், பேச்சுக் கொடுத்தாலும் கோபம் வரும். அதனால் முதலில் சும்மா இருந்தாள். பிறகு, "என்ன, அங்கேயே தூங்கியாச்சா?" என்றாள். கால் மரத்துப்போன பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள். எனக்கு அறுபது வயசாகுது, இது காலா கட்டையா என்றாள். வானிலை அறிக்கையும் முடிந்த பிறகுதான் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். அவருடைய ஒரு செருப்பு கழன்று தள்ளிக் கிடந்தது. காலை எடுத்துவிட்டுக் கீழே குதித்தாள். குதிக்கும்போது மனசில் வந்த முதல் நினைப்பு, ஐயோ, காற்று உள்ளே போயிருக்கும் என்பதுதான். அந்த நினைப்புக்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அவர்மேலும் கோபம். போகிற போக்கில் ஒரு வார்த்தை. ரெண்டே எழுத்து. அதைச் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

ஜீப் நின்றதால் சவ வண்டி கேட்டுக்குள் வர முடியவில்லை. பெட்டியைத் தெருவரை தோளில் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. கொழுந்தன் ஸ்டாண்டில் முழங்காலை இடித்துக்கொண்டார். அந்த எரிச்சலில், அத்தனை பேர் நடுவிலும் அவள் பக்கம் திரும்பிக் கேட்டேவிட்டார்.

"மேலதானே அண்ணி உக்காந்திருந்தீங்க? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குனிஞ்சு பாத்திருக்கக் கூடாதா?"

மகள்கூட அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்திருக்கும்போல. சொன்னால் யாருக்குப் புரியும்? புருஷன் கீழே சாக, பெடலை மிதித்துக்கொண்டிருந்தாளாம் என்று அதையும் ஒரு வரியாக எழுதி மூடிவிடுவார்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது மணி மூன்றரை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவில் கொக்கி வைத்த ரெக்கவரி லாரி ஒன்று வந்து நின்றது. அப்போதுதான் கொழுந்தன் விஷயத்தைச் சொன்னார். பழைய வண்டி உடைக்கிற ஆள் ஒருவர் அவருக்குத் தெரிந்தவராம். இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். பார்க்கப் பார்க்க அண்ணிக்குத்தான் வேதனையாம். அண்ணியை ஒரு வார்த்தை கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

லாரி டிரைவர் நல்ல மனுஷன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கழற்றிக் கிடந்த சக்கரத்தைப் பார்த்தார், தரையில் ஆயிலைப் பார்த்தார். பிரேக் இல்லாமல் ஏற்ற மாட்டேன், இறக்கும்போது உருண்டால் யார் பொறுப்பு என்றார். பிறகு கூரைத் துணியின் தையலை விரலால் தடவி, "யாரு தைச்சது?" என்றார்.

"நான்தான். இந்த வண்டி எங்கயும் போகல. உங்களை வீணா அலைய வச்சுட்டாங்க, மன்னிச்சுக்குங்க."

லாரி கிளம்பிப் போனது. கொழுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணன் உயிரைக் குடிச்ச வண்டி இது, அண்ணி."

"உங்க அண்ணன் உயிரை யாரும் குடிக்கல. டாக்டர் எழுதின தாள் மேஜையில இருக்கு, படிச்சுப் பாருங்க. படிச்சுட்டு, நேத்து போன் பண்ணின அத்தனை பேருக்கும் திரும்பப் போன் பண்ணுங்க." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. ஏறி உக்காருங்க."

"நானா?"

"இதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒரு சக்கரம்தான் பாக்கி."

மகள் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். கொழுந்தன் வெள்ளைச் சட்டையோடு ஏறி உட்கார்ந்தார். அவள் பானட்டைத் திறந்து பாதிக்கு மேல் இறங்கியிருந்த பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஊற்றினாள். நடுப் பெடலைக் காட்டினாள்.

"மிதிங்கன்னா மிதிங்க. பிடிங்கன்னா அழுத்திப் பிடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது. விட்டா காத்து உள்ள போயிடும், எல்லாம் முதல்லேருந்து செய்யணும்."

ஸ்டாண்டை மூன்று தடவை உடம்பால் முட்டி ஆட்டிப் பார்த்தாள். பிறகு அவர் படுத்த சாக்கிலேயே படுத்து உள்ளே நகர்ந்தாள். முதுகுக்கு அடியில் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால் அவருடைய சாக்பீஸ்.

திறந்து கிடந்த நிப்பிளை முதலில் மூடினாள். மிதிங்க என்றாள். பிடிங்க என்றாள். ஸ்பேனரைத் திருப்பியதும் நுரையாகக் கொட்டியது. மூடி, விடுங்க என்றாள். சுலபமாகத்தான் வந்தது. இப்படிப் பதினைந்து, இருபது தடவை. நுரை குமிழியாயிற்று, குமிழிகள் குறைந்தன. கடைசித் தடவை ஒரு குமிழிகூட இல்லாமல் ஆயில் சுத்தமாக, நூல் பிடித்த மாதிரி வந்தது. நிப்பிளை இறுக்கி மூடினாள்.

பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி ஆரம்பித்தது.

இனி அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஒன்பது வருஷத்து வேலை. மல்லாந்து படுத்து, அவர் கடைசியாகப் பார்த்த அந்தக் கறுப்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி?" என்றார் கொழுந்தன், ஆபீஸ் குரலில். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லிட்டீங்களா? எனக்குக் கேக்கலையே" என்றார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மேலே சீட் ஸ்பிரிங் லேசாக முனகியது. அவருடைய கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் பெடல் அசையவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை அவர்.

வானிலை அறிக்கைக்கு வந்துவிட்டார்கள். அப்போது மேலேயிருந்து அவர் குரல் வந்தது. ஆபீஸ் குரல் இல்லை, சின்ன வயசுக் குரல் மாதிரி இருந்தது.

"நீங்க சொல்லல அண்ணி. அதான் நான் விடல."

அவள் சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தனை அவள் ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை.

"விடு" என்றாள்.

தகட்டுக்கு அந்தப் பக்கம் பெடல் மெதுவாக மேலே வந்து நின்றது.