சொந்த வார்த்தைகளில்

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு ஒன்பதாம் ஜன்னல்காரர் பச்சை நிறக் கோப்பு ஒன்றை மேசைக்குக் குறுக்காக அவள் பக்கம் தள்ளினார். வழக்கமாக இந்த நேரத்தில் அன்றைய கணக்கைச் சொல்வார். "காலையிலேருந்து உங்க பக்கம் மூணு, எம்பக்கம் அஞ்சு. நாடு ரெண்டு ஆள் இளைச்சுப் போச்சு மேடம்" என்பார். குடியுரிமை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் இருவரும் பதினேழு வருஷமாக ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். வெளியிலிருந்து வந்து இந்த நாட்டுக் குடிமக்களாக விண்ணப்பிப்பவர்களை நேர்காணல் செய்வது அவள் வேலை. இங்கே பிறந்து வெளியே போய், போன இடத்துக் குடியுரிமைக்காக இந்த ஊருடையதை விட்டுக்கொடுப்பவர்களின் தாள்களில் முத்திரை குத்துவது அவர் வேலை. கீழ்த்தளத்தில் இவர்களைக் கூட்டல், கழித்தல் என்று கூப்பிடுவார்கள்.

கோப்பைத் திறந்ததும் முதலில் புகைப்படம்தான் தெரிந்தது. தாடி புதிது. அந்தத் தாடிக்குள் தன் மகனைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"மூணு நாளா டிராயர்லயே கிடக்கு," என்றார் அவர். "குத்தக் கை வரல. உங்ககிட்ட சொல்லாம குத்திட்டு நாளைக்கு உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? வச்சுக்கிட்டே இருக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள போகலைன்னா அங்க அவனுக்குக் குடியுரிமை குடுக்கற தேதி தவறிடும்."

"நான் என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். படிச்சுட்டுக் குடுங்க."

இரண்டு மாதம் முன்பு போனில் பிறப்புச் சான்றிதழின் அசலைக் கேட்டிருந்தான். "சும்மா ஒரு பேப்பர் வேலைம்மா" என்றான். இப்படிப்பட்ட தாள்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். சொல்லிவிடுவான் என்றுதான் கேட்கவில்லையோ என்னவோ. பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, அவனுக்குப் பிடித்த ஊறுகாயோடு அனுப்பிவிட்டு வந்தாள். தபால்காரர் எடை போடும்போது "பையனுக்கா?" என்று கேட்டார். "ஆமா, பையனுக்குத்தான்" என்று சொன்னபோது ஒரு பெருமைகூட இருந்தது.

கோப்பைத் தன் நேர்காணல் தாள்கள் வைக்கும் அட்டைக்குள் சொருகிக்கொண்டு நடைபாதையில் நடந்தாள். அங்கே ஜன்னல்களுக்குப் பால் நிறக் கண்ணாடி. மதியத்துக்குப் பிறகு அதன் வழியாக வரும் வெளிச்சம் நேராக விழாது. தண்ணீருக்குள் இருப்பது போல எல்லாவற்றையும் மெதுவாக ஆக்கிவிடும். பெஞ்சுகளில் காத்திருப்பவர்கள் மடியில் உறைகளை வைத்துக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறுகளின் பெயர்கள், அமைச்சர்களின் பெயர்கள், கொடியில் உள்ள நிறங்களின் பொருள். அவளுடைய தெருவில் பதினொரு வீடு. ஆறு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். அதில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது; மூன்று வீட்டில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் குடியிருக்கிறார்கள்; மிச்சம் ஒன்று அவளுடையது. போன வருஷம் தண்ணீர் வராதபோது, கொடியின் நிறத்துக்கெல்லாம் பொருள் ஒப்பித்த அந்த ஆட்கள்தான் குடத்தோடு போய் நகராட்சியில் சத்தம் போட்டார்கள். அவள் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நமக்கும் சேர்த்துக் கத்துறாங்க, பரவாயில்ல" என்று உள்ளே வந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அறையில் ஆஸ்பத்திரி லாண்டரிக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்திருக்கும். நேர்காணலுக்கு இது அவருக்கு மூன்றாவது தடவை, கடைசித் தடவையும்கூட. இதிலும் தேறாவிட்டால் ஐந்து வருஷம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். அவருடைய வேலை அனுமதியில் மிச்சமிருந்தது ஏழு மாதம்.

போன தடவையும் அவளிடம்தான் வந்திருந்தார். பதின்மூன்று வருஷமாக இருபது பெண்களோடு துணி அலசியும் மடித்தும் மொழி கற்றவர். அதனால் அவர் வாயில் வந்ததெல்லாம் பெண்கள் தங்களுக்குள் பேசும் பேச்சு. நாட்டின் வனக்கொள்கை பற்றிய பத்தியை அவள் வாசித்து முடித்ததும், நெற்றியைச் சுருக்கி, "இன்னொரு வாட்டி சொல்லுடி" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவள் முகத்தைப் பார்த்து, எது தப்பு என்று தெரியாமல், எதுவோ தப்பு என்று மட்டும் தெரிந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்கு ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துச் சிரிப்பு. ஆனால் மதிப்பெண் போட முடியவில்லை. கேட்ட பத்தியைச் சொந்த வார்த்தைகளில் கூற வேண்டும் என்பது விதி. அவரோ பத்தியிலிருந்து காதில் ஒட்டிய நாலைந்து பெரிய சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க அக்கா," என்றார் இப்போது, எழுந்து நின்று. அறை அவளுடையது என்பது அவருக்கு மறந்திருந்தது. "இந்தத் தடவ நாக்கக் கட்டி வச்சிருக்கேன். தப்பா எதுவும் வராது."

"கட்டி வச்சா எப்படிப் பேசுவீங்க? உக்காருங்க."

பத்துக் கேள்விகளில் ஏழுக்குச் சரியாகச் சொன்னார். அதில் ஒன்று, நாட்டின் நீளமான ஆறு எது என்று. பெயரைச் சொல்லிவிட்டு, "பாலம் இருக்கு, போர்டு இருக்கு, தண்ணிதான் இல்ல. தெனம் பஸ்ல பாக்கறேன்" என்றார். இனி பத்தி. அவள் அட்டையைத் திறந்தாள். மேலே இருந்தது பச்சைக் கோப்பு. அதற்கு அடியில்தான் அன்றைக்குரிய பத்தி, துறைமுக வளர்ச்சி பற்றியது. பச்சைக் கோப்பின் நான்காவது பக்கம் தானாகவே பிரிந்தது. 'குடியுரிமையைத் துறப்பதற்கான காரணத்தைச் சுருக்கமாக எழுதுக' என்ற கட்டத்துக்குள் மகனுடைய கையெழுத்து. எதற்காக அதை வாசிக்க ஆரம்பித்தாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்தும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை. தனியாகப் படிக்கத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கலாம். எப்படியோ, பத்தி வாசிக்கும் அந்த நிதானமான அரசாங்கக் குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"'எனக்கு என் பிறந்த நாட்டின் மீது யாதொரு மனக்குறையும் இல்லை. என் மகளும் மனைவியும் நான் இப்போது வசிக்கும் நாட்டின் குடிமக்கள். ஒவ்வொரு பயணத்தின்போதும் விமான நிலையத்தில் அவர்கள் குடிமக்களுக்கான வரிசையிலும் நான் அயலாருக்கான வரிசையிலும் நிற்க நேர்கிறது. நான் ஏன் வேறு வரிசையில் நிற்கிறேன் என்று மகள் கேட்கிறாள். அவளுடன் ஒரே வரிசையில் நிற்பதற்காக இவ்விண்ணப்பத்தை அளிக்கிறேன்.'"

வாசித்து முடித்து நிமிர்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெரிய சொற்களைப் பிடித்துவைக்க உதடு அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை.

"ஒரு அப்பன்காரன்," என்று ஆரம்பித்தார். "கொழந்த அந்தப் பக்கம் நிக்குது, அவங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு. இவன் இந்தப் பக்கம். நடுவுல ஒரு கயிறு. அந்த வரிச சரசரன்னு போகுது, இவன் வரிச அசைய மாட்டேங்குது. கொழந்த திரும்பித் திரும்பிப் பாக்குது. 'அப்பா, நீ ஏன் அங்க நிக்கற, இங்க வா'ன்னு கத்துது. எல்லாரும் பாக்கறாங்க. அவனுக்கு வெக்கமா இருக்கு. வெக்கம்னா... தப்பு பண்ணாமயே வர்ற வெக்கம் இருக்கு பாருங்க, அது." கண்ணைத் திறந்தார். "கயிறு பத்தி நீங்க சொல்லல. ஆனா இருக்கும்க்கா. நான் நின்னுருக்கேன்."

"ம். சொல்லுங்க."

"அப்பறம் அவன் எழுதறான். எம்பொறந்த ஊர் மேல கோவமே இல்லங்கறான். அது நெசம். கோவம் இருந்தா சொல்லிட்டுப் போயிடலாம். இல்லாததாலதான் கஷ்டம். பாவி, யார்கிட்டயும் சொல்லிருக்க மாட்டான். அவங்கம்மாகிட்ட நிச்சயமா சொல்லிருக்க மாட்டான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா பத்தி இதுல ஒண்ணும் இல்லையே."

"இல்லதான். எழுதற எடமா அது?" என்று அந்தக் கட்டத்தைக் காட்டினார். "நானும் இன்னைக்கு இங்க வர்றத எங்கம்மாகிட்ட சொல்லல. வேலைக்குப் போறேன்னுதான் காலைல போன்ல சொன்னேன். இது கெடச்சா அங்க உள்ளத விடணும் இல்ல? சொன்னா அது ஒண்ணும் கேக்காது. 'சாப்புட்டியா'ன்னு கேக்கும். அதக் கேக்கறதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் சொல்லல." வெளுத்த விரல்களால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "ஐயையோ, பத்திய விட்டு வெளிய போயிட்டேனாடி?" என்று கேட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போகல," என்றாள் அவள். "உள்ளதான் இருக்கீங்க."

மதிப்பெண் தாளில் அன்றைய பத்தி எண்ணைக் குறிக்கும் கட்டம் இருந்தது. துறைமுகப் பத்தியின் எண்ணை எழுதினாள். முப்பத்தொரு வருஷ வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான். அதற்குப் பக்கத்தில் போட்ட மதிப்பெண்ணில் பொய் இல்லை. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்க்கும் குழந்தையின் முகம்தான் வந்தது. பேத்தியை அவள் நேரில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள்.

ஒன்பதாம் ஜன்னலில் வரிசை முடிந்திருந்தது. கோப்பைக் கொடுத்தாள்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன். குத்திடுங்க சார்."

அவர் முத்திரையை மையில் ஒற்றி, ஒருமுறை வாயால் ஊதி, மற்றத் தாள்களில் குத்துவது போல டப்பென்று அடிக்காமல், குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல மெல்ல அழுத்தி எடுத்தார். அன்றைக்கு அவர் கணக்குச் சொல்லவில்லை.

படிக்கட்டில் நின்று மகனை அழைத்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். "உன் பேப்பர் இன்னைக்குப் போயிடும்டா," என்றாள்.

மறுமுனையில் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம்.

"அம்மா... நீ பாத்தியா?"

"எங்க ஆபீசுக்குத்தானே வந்துச்சு. மனக்குறைல ரெண்டு சுழி 'ன' போடாம மூணு சுழி போட்டிருக்க. ஒன்பதாங் கிளாஸ்லயும் இதேதான்."

அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்து வேறு எதுவோ ஆனது. "சொல்லணும்னுதான்மா... எப்படின்னு தெரியல."

"எழுதிட்டியே. நல்லாத்தான் எழுதிருக்க." "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் லாண்டரிக்காரர் சொன்னது காதில் விழுந்தது. அவசரமாக, "பாப்பாகிட்டக் குடு" என்றாள்.

குழந்தை போனை வாங்கிக்கொண்டு தன் மொழியில் மடமடவென்று பேசியது. ஒரு நாய், ஒரு சிவப்பு வாளி, யாரோ விழுந்தார்கள். அவ்வளவுதான் அவளுக்குப் பிடிபட்டது, அதுவும் சரியோ என்னவோ. எல்லாவற்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. போனை வைத்த பிறகும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் காதுக்குள் ஓடியது. ஜன்னலோரம் தலையைச் சாய்த்தாள். சாயங்கால வெயில் இமைகளுக்குள் சிவப்பாகப் பரவியது. நிறுத்தங்கள் ஏதோ ஒரு வீட்டின் அறைகளைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போயின.

யாரோ தோளைத் தொட்டார்கள். பஸ் காலியாக இருந்தது. "கடைசி ஸ்டாப்பும்மா, எறங்குங்க," என்றார் டிரைவர்.

இறங்கினாள். அந்தப் பக்கம் வந்தே பல வருஷம் ஆகியிருந்தது. வெறும் மைதானமாக இருந்த இடத்தில் இரண்டு வரிசைக் கடைகள். பெயர்ப் பலகைகளில் அவளுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள், வளைந்தும் தொங்கியும். ஒரு கடையிலிருந்து எதையோ வறுக்கும் வாசனை வந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் பசித்தது. பிள்ளைகள் இரண்டு மூன்று மொழிகளைக் கலந்து கத்திக்கொண்டு பந்து விளையாடினார்கள். தூக்கம் இன்னும் முழுசாகக் கலையவில்லை. தன் தெருவுக்குப் பக்கத்து நிறுத்தத்தின் பெயரை நினைத்துப் பார்த்தாள். நாக்கு நுனியில் இருந்தது, வரவில்லை.

பிளாஸ்டிக் வாளிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்த கடைக்காரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, மொழி தெரியாதவர்களிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, சத்தமாகக் கேட்டாள்: "எங்க. போகணும். நீங்க?"

அவள் பஸ் வந்த வழியைக் கையால் காட்டினாள். கடைக்காரி அவசரப்படுத்தவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். தோளை அழுத்தி உட்கார வைத்தாள். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் விரலை நனைத்து, கடை வாசல் சிமென்டில் ஒரு நீளக் கோடு இழுத்தாள்.

"இது பெரிய ரோடு. சரியா? இங்க நாம." ஒரு புள்ளி வைத்தாள். "இது பதினாலாம் நம்பர் போற வழி." இன்னொரு கோடு. "இது ஆஸ்பத்திரி. இது ரயில்."

தரையில் இன்னும் பகலின் சூடு இருந்தது. முதல் கோடு ஒரு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. கடைக்காரி விரலை மறுபடி நனைத்து மேலும் மேலும் கோடுகள் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் கோட்டின் நுனியில் தன் வீடு இருக்கிறது என்று பார்க்க அவள் முக்காலியிலிருந்து இறங்கி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஈரத்துக்கு வெகு அருகில் குனிந்தாள்.