சுவர் முடிந்த இடம்

சுவரைக் கட்டியது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடல்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்வேன்.

அபாயாங் என்ற எங்கள் பவளத் தீவில் அப்பா விட்டுப்போன நிலத்தில் வடபாதி எனக்கு, தென்பாதி தங்கை ரோட்டியாவுக்கு. போன வருடம் பௌர்ணமி அலை நன்னீர் ஊறும் ஆழத்துக்குத் தோண்டிய என் சேம்புக் குழியின் விளிம்பு வரை வந்ததும் சுவர் கட்டுவதென்று முடிவு செய்தேன். உப்புத் தண்ணீர் ஒருமுறை இறங்கினால் அந்தக் குழியில் பல வருடம் எதுவும் வராது.

"அவசரப்படாதண்ணே. ரெண்டு பேர் கரையிலயும் சேர்த்து அலையைத் தடுக்கக் கண்டல் மரம் நடுவோம்," என்றாள் ரோட்டியா.

"அது வளர்றதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்," என்றேன்.

பவளப் பாறைகளைப் பெயர்த்து எல்லைத் தென்னை வரை சுவர் எழுப்பினேன். அதற்கு மேல் ஒரு கல்கூட வைக்கவில்லை. அவள் நிலம், அவள் பாடு.

பிப்ரவரியில் வந்த பெரிய அலை என் சுவரில் மோதி, முனையைச் சுற்றிக்கொண்டு நேரே அவள் குழிக்குள் போனது. அவள் தன் மகன் கல்யாண விருந்துக்காக ஏழு வருடம் தழை போட்டு வளர்த்த சேம்பு. ஒரே வாரத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்தது. என் குழி மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கோயிலில் பாதிரியார் கடலின் சீற்றம் தணிய ஜெபித்தபோது எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

ஒரு மாதம் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். கடைசியில் அவளே வந்தாள். ஓலைக் கூடையில், பிழைத்த நாலைந்து சேம்புக் கன்றுகள்.

"உன் குழியில ஓரமா கொஞ்சம் இடம் குடுப்பியாண்ணே?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "என் சுவராலதான் தண்ணி உன் பக்கம் வந்துச்சு," என்றேன்.

"தெரியும். நீ கட்டும்போதே தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"நிறுத்தியிருப்பியா?"

மாட்டேன். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

குழியில் இறங்கி, இருப்பதிலேயே பெரிய சேம்பைப் பிடித்து அசைத்தேன். "கல்யாணத்துக்கு இதையெல்லாம் எடுத்துக்க."

"வேணாம்ணே. ஊர் மண்டபத்துல விருந்து வைக்கும்போது, இது யார் குழிச் சேம்புன்னு எழுந்து சொல்லணும். உன் பேரைச் சொன்னா, என் குழிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நானே எழுந்து சொல்றேன்."

வேண்டாம், விடு என்பாள் என்று நினைத்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சனிக்கிழமை கல்யாணத்துக்குச் சீக்கிரமே வந்துடு," என்றாள்.