அண்ணி தூங்கவைத்த பிள்ளை

பகல் மூன்று மணிக்குக் குழந்தையின் அழுகை நின்றது.

காலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து அதுவரை வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. தாய் அவனைத் தோளில் போட்டாள், பால் கொடுத்தாள், ஊசி குத்திய தொடையில் ஈரத்துணி வைத்தாள். எதற்கும் மசியவில்லை. கணவனின் அக்கா கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். ஊசியே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டியா? நல்லா இருந்த பிள்ளையக் கொண்டுபோய்க் குத்திட்டு வந்திருக்க.”

“கொஞ்சம் அழுவான்னு நர்ஸ் சொன்னாங்க, அண்ணி.”

“நர்ஸ் வந்து சுமப்பாளா? கொடு இங்க.”

பிடுங்காத குறையாக வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தட்டினாள். சற்று நேரத்தில் சத்தம் அடங்கியது.

“பாத்தியா? என் கை பட்டதும் பெட்டிப்பாம்பா அடங்கிட்டான். பெத்தா மட்டும் போதாது, மகாராணி.”

தாய்க்குச் சுருக்கென்றது. தன்னிடம் தொண்டை கிழியக் கத்தியவன் அங்கே போய்த் தூங்குகிறான். எட்டிப் பார்க்க மனம் வரவில்லை. சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போது பார்த்தாள். மடியிலிருந்து குழந்தையின் கை தொங்கியது. தூங்கினாலும் முஷ்டியை விடாதவன். இப்போது விரல்கள் விரிந்திருந்தன. உதடு வெளுத்திருந்தது.

“அண்ணி, இவன் தூங்கல.”

“எழுப்பிடாத. வயித்தெரிச்சல்ல வந்து நிக்காத.”

உள்ளங்காலைச் சுண்டினாள். கால் அசையவில்லை. தூக்கினாள். கழுத்து ஒரு பக்கம் துவண்டு விழுந்தது. பாதி திறந்த கண் அவளைப் பார்க்கவில்லை.

அண்ணி அலறினாள். குழந்தையைப் பிடித்து உலுக்கினாள். தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுவந்தாள்.

“கையை எடுங்க! உலுக்காதீங்க, வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க! மூச்சை அடைச்சுக்கும்!”

அதையும் காலையில் நர்ஸ்தான் சொல்லியிருந்தாள். குழந்தையைத் தரையில் படுக்கவைத்துத் தலையை நேராக்கினாள். வாய்க்குள் எதுவும் இல்லை. கன்னத்தை அவன் மூக்கருகே வைத்தாள். மூச்சு மெல்லிசாகப் பட்டது.

“மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.”

“கொன்னுட்டியேடி பாவி!”

“போனை எடுங்கன்னேன்!”

வண்டி வரும்வரை அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. வழியில் உதட்டில் நிறம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் முனகினான். உள்ளே போனதும் வீறிட்டான்.

டாக்டர் உடம்பு முழுக்கச் சோதித்தார். சர்க்கரை அளவும் பார்த்தார்.

“ஊசிக்கப்புறம் அபூர்வமா சில குழந்தைங்க இப்படித் துவண்டுபோவாங்க. தானாவே தெளிஞ்சிடுவாங்க. ஆனா வேற காரணமும் இருக்கலாம், அதனால உடனே வந்ததுதான் சரி. இன்னைக்கு இங்கயே வச்சுப் பாக்குறேன். அடுத்த ஊசிய பெரும்பாலும் போடலாம். போடுறதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லுங்க.”

“இன்னொரு ஊசியா? என் பொணத்தத் தாண்டித்தான் போடணும்,” என்றாள் அண்ணி. “இவளுக்குப் பிள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல, டாக்டர்.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. “எப்பலேர்ந்து இப்படி இருந்தான்?”

அண்ணி சுவரைப் பார்த்தாள். குழந்தையின் முஷ்டி தாயின் சுட்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது.

“டாக்டர் கேக்குறாங்கல்ல, அண்ணி. உங்க கை பட்டதும் அடங்கினானே, அது எத்தன மணிக்கு?”