நல்லெண்ணெய் குடித்த மெசின்

லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இராக்கம்மாவுக்கு இரண்டு மாடும், ஒரு புருஷனும், புல் வெட்டுகிற மெசின் ஒன்றும் இருந்தன. சொன்னபடி கேட்டது மெசின் மட்டும்தான். மாட்டுக்குப் புல் வெட்ட அவளே வாங்கியது. பெட்ரோலில் டூ-டி என்ஜின் எண்ணெயை அளந்து கலந்து ஊற்றுவதும் அவள்தான். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

புருஷன் தம்பையா, கோயில் கமிட்டித் தலைவர். திருவிழா நெருங்கியும் கோயில் வளவில் புல் முழங்கால் உயரம் நின்றது. இராக்கம்மா கொழுந்து பறிக்கப் போன நேரம் பார்த்து மெசினைத் தூக்கிக்கொண்டு போனார். டேங்க் காலி. வீட்டில் பெட்ரோல் இருந்தது, டூ-டி எண்ணெய் இல்லை. வாங்க டவுனுக்கு இறங்க வேண்டும். தலைவர்கள் அப்படியெல்லாம் இறங்குவதில்லை.

"எண்ணெய்னா எண்ணெய்தானே," என்று அம்மனுக்கு விளக்கேற்றுகிற நல்லெண்ணெயைப் பெட்ரோலில் தாராளமாகக் கலந்தார்.

மெசின் முக்கி முனகிக் கிளம்பியது. கிளம்பிய புகையில் கோயிலே மறைந்துபோனது. தோட்டத்து வீடுகள் இருக்கிற லயம் முழுக்க முறுக்குச் சுடுகிற வாசம். சனம் கூடிவிட்டது.

"ஆத்தா வந்துட்டா!" என்று பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மனைவி உடனே சாமியாடி, முறுக்குப் படையல் கேட்டாள். தம்பையாவுக்கு விஷயம் தெரியும். ஆனால் இத்தனை பேர் தன் திசையில் கும்பிடும்போது குறுக்கே பேச அவருக்கு மனம் வரவில்லை.

சற்று நேரத்தில் மெசின் கிரீச்சிட்டு இறுகி நின்றது.

"ஆத்தா மலையேறிட்டா," என்றார் பூசாரி.

கொழுந்துக் கூடையோடு வந்த இராக்கம்மா டேங்கைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"என்னத்தங்க ஊத்துனீங்க?"

"தெய்வ காரியம் புள்ள..."

"தெய்வமா வந்து கேட்டுச்சு?"

மறுநாள் இருவரும் மெசினோடு டவுனுக்கு இறங்கினார்கள். லுணுகலையில் மெசின் திருத்துகிற ஹுமைத் அதைக் கழற்றினார். பிஸ்டன் முழுக்கக் கீறல், சுற்றிலும் தார் மாதிரிக் கரி.

"தங்கச்சி, இதுல புல்லு வெட்டினீங்களா, வடை சுட்டீங்களா?"

"தலைவரக் கேளுங்க நானா."

தலைவர் கூரையைப் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் தனியா ஊத்த இடமில்ல தலைவரே. பெட்ரோலோட கலந்து போறதுதான் பிஸ்டன வழுக்க வைக்கிது. சமையல் எண்ணெய் கரியாகிப் பிடிச்சிரும். மாத்துற சாமான் பதுளையிலருந்து வரணும்."

சாமான் வரும்வரை மாட்டுக்குப் புல் யார் அறுப்பது என்ற கேள்வி வந்தது. இராக்கம்மா அரிவாளைத் தம்பையா கையில் கொடுத்தாள். புல்லில் இருந்த இரத்தம் குடிக்கிற அட்டைகள் தலைவர் என்றும் பார்க்கவில்லை.

திருவிழா அன்று பூசாரி மைக்கில் புகை அற்புதத்தை உருக்கமாகச் சொன்னார். "தலைவரு கை பட்டதும் ஆத்தா வந்தா!" தம்பையா அடக்கமாகத் தலை குனிந்ததைப் பார்த்ததும் இராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. போய் மைக்கை வாங்கினாள்.

"வந்தது ஆத்தா இல்லீங்க. என் மெசினு. உங்க தலைவரு நல்லெண்ணெயக் குடிக்கக் குடுத்து அதக் கொன்னுட்டாரு."

கூட்டம் கொஞ்சம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

"அப்ப படையலு?" என்றாள் பூசாரி மனைவி.

"அது நீ கேட்டது. நீயே பங்கு வையி."

தம்பையா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது ஓய்வாகவே இருந்தது. சாமான் வந்து மெசின் சரியானதும், பாதியில் கிடந்த கோயில் புல்லை அவளே வெட்டி முடித்தாள். தலைவர் பின்னாலேயே வந்து, வெட்டிய புல்லைக் கட்டாகக் கட்டி, மாட்டுக்குச் சுமந்துகொண்டு போனார்.